கிளட்ச் வீலி: ஒரே மாதிரி செய்தும் உயரம் ஏன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது?

புதுப்பழகுநர்:
வணக்கம். நான்கு சிலிண்டர் கொண்ட 600 சிசி ஸ்போர்ட் பைக்கில் மூன்று வாரங்களாகக் கிளட்ச் வீலி (கிளட்சைப் பட்டென்று விட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது) பழகிவருகிறேன். பழகும் இடம் ஆள் நடமாட்டமே இல்லாத, உரிமையாளரிடம் அனுமதி பெற்ற மூடிய தளம். முழு லெதர் உடையும் ஹெல்மெட்டும் இல்லாமல் வண்டியைத் தொடுவதில்லை. ஆகவே, சாலையில் செய்யாதே என்ற அறிவுரையை மட்டும் இங்கே தவிர்த்துவிடலாம்.

முதல் கியரில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது கிளட்சை முழுவதுமாகப் பிடித்து, ஆக்சிலேட்டரைத் திருகி, கிளட்சைப் பட்டென்று விடுகிறேன். சில நேரம் முன்சக்கரம் அரை அடி எழுந்து உடனே விழுந்துவிடுகிறது. சில நேரம் நெஞ்சை நோக்கி ஏறிவருகிறது. நான் பயந்து ஆக்சிலேட்டரை மூடிவிட, சக்கரம் தரையில் மோதி, அதைத் தாங்கும் ஃபோர்க் அடிமட்டம் வரை அமுங்குகிறது. நேற்று எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, சக்கரம் எழும்போதெல்லாம் என் வலது பாதம் பின் பிரேக் பெடலை விட்டு விலகியே இருப்பதையும் கவனித்தேன். ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரத்தை) மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். அது உண்மைதானா?

சங்கிலிச்சத்தம்:
நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன பாத விஷயம்தான் முதலில் பார்க்க வேண்டியது. ஸ்போர்ட் பைக் ஓட்டுபவர்கள் வளைவுகளுக்குப் பழகிய பழக்கத்தில் பாதத்தின் முன்பகுதியை ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) ஊன்றிக்கொள்வார்கள். அப்படி ஊன்றினால் கட்டைவிரல் பெடலுக்கு எட்டவே எட்டாது. வீலிக்கு மட்டும் வலது பாதத்தின் நடுப்பள்ளம் ஃபுட்பெக்கின் மேல் இருக்க வேண்டும், பூட்ஸின் நுனி பெடலைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மூடுவது முன்சக்கரத்தைத் தடாலென்று கீழே போடும். பின் பிரேக்கோ, ஆக்சிலேட்டர் சற்றுத் திறந்திருக்கும்போதே, வேண்டிய அளவுக்கு மட்டும் இறக்கிக் கொடுக்கும். வண்டி சமநிலைப் புள்ளியைத் தாண்டிப் பின்பக்கம் சாயத் தொடங்கிய பிறகும் உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்தப் பெடல் ஒன்றே. எனவே தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரை அடி எழும்பும் ஒவ்வொரு முறையும் பிரேக்கைத் தொட்டே இறக்குங்கள்.

இனி உயரத்துக்கு வருவோம். கிளட்சை முழுவதும் பிடித்துவிட்டால் எஞ்சினுக்குச் சுமையே இல்லை. மணிக்கட்டு ஒரு நூல் அளவு கூடுதலாகத் திரும்பினாலும் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) கண் இமைக்கும் நேரத்தில் 2,000, 3,000 என்று தாவிவிடும். எஞ்சினுக்குள் வேகமாகச் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்டில் சேர்ந்திருக்கும் ஆற்றல், நீங்கள் கிளட்சை விட்ட அந்தக் கணத்தில் பின்சக்கரத்துக்குப் போகிறது. ஆக, ஒரே மாதிரி செய்வதாக நீங்கள் நினைக்கிறீர்களே ஒழிய, எஞ்சின் அப்படி நினைக்கவில்லை. ஆக்சிலேட்டரை நிலையாக லேசாகத் திறந்து வைத்து, ஒரு விரலோ இரண்டு விரல்களோ கொண்டு கிளட்சை நழுவத் தொடங்கும் இடம் வரை மட்டும் இழுங்கள்; ஆர்பிஎம் சற்று ஏறியதும் விடுங்கள். முதலில் எழாவிட்டால் 500 ஆர்பிஎம் கூட்டிப் பாருங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் கூட்ட வேண்டாம்.

இன்னொன்று: இத்தகைய வண்டியில் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்ப ஏறத்தாழ 1ஜி முடுக்கம், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையான அளவு, வேண்டும். ஆனால் எழ எழ, எடையின் மையம் உயர்ந்துகொண்டும் பின்சக்கரத்துக்கு நேர் மேலே நகர்ந்துகொண்டும் வருவதால், தேவைப்படும் விசை குறைந்துகொண்டே போகும். கிளப்பிய அதே விசையைத் தொடர்ந்து கொடுத்தால் அது நெஞ்சை நோக்கி வராமல் என்ன செய்யும்?

மூன்றாம் கியர்:
மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஸ்ப்ராக்கெட்டை அடியோடு ஒதுக்கிவிட வேண்டியதும் இல்லை. 600 சிசி வண்டிகளின் முதல் கியர் நீளமானது, அதாவது வேகத்துக்கு ஏற்றது, இழுவிசை குறைவு. அவற்றின் பலம் உயர்ந்த ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். முன் ஸ்ப்ராக்கெட்டை 16 பற்களிலிருந்து 15 ஆக்கினால் பின்சக்கரத்துக்குச் செல்லும் இழுவிசை ஏறத்தாழ 7 சதவீதம் கூடும், அதே உயரத்துக்கு முரட்டுத்தனமாகக் கிளட்சை விட வேண்டிய அவசியமும் குறையும். செயின் தளர்வைத் திரும்பச் சரிபார்க்க மறக்காதீர்கள்.

கிரீஸ்கை:
பழுது பார்ப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். வீலி பழகிய வண்டிகள் என் மேசைக்கு வரும்போது முதலில் பார்ப்பது கிளட்ச் தட்டுகளை. அடுத்தது ஃபோர்க் சீல், ஹேண்டில் பேரிங். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் பேரிங் வீணாகிவிட்டது என்று பொருள். எண்ணெய் மட்டத்தை மேல்கோட்டிலேயே வைத்திருங்கள், ஏனெனில் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கி நிற்கையில் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்க வாய்ப்புண்டு. இழுவைக் கட்டுப்பாடு (பின்சக்கரம் வழுக்காமல் கணினி எஞ்சின் விசையைக் குறைக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிட்டுத்தான் பழக வேண்டும். இல்லையேல் நீங்கள் ஒன்று செய்ய, கணினி வேறொன்று செய்யும். இறங்கும்போது ஹேண்டில் நேராக இருக்கட்டும். முன் பிரேக்கில் விரல் வேண்டவே வேண்டாம்: சுழலாத சக்கரம் தரையைத் தொட்டால் சறுக்கும்.

புதுப்பழகுநர்:
அனைவருக்கும் நன்றி. சங்கிலிச்சத்தம் சொன்னதுபோல் பாதத்தை முன்னே நகர்த்தினேன். பெடல் தாழ்ந்திருந்ததால் சரிசெய்யும் திருகைச் சுற்றி அதையும் சற்று உயர்த்தினேன். இன்று அரை அடிக்கு மேல் போகாமல் 40 முறை செய்தேன். பின்னாலிருந்து எடுத்த காணொளியில் பிரேக் விளக்கு எரிந்ததை எண்ணிப் பார்த்தேன்: 31 முறை. ஃபோர்க் இன்று ஒருமுறைகூட அடிமட்டத்தைத் தொடவில்லை. அப்படியானால் 15 பல் ஸ்ப்ராக்கெட்டை வாங்கிவிடட்டுமா?

சங்கிலிச்சத்தம்:
விளக்கு எரியாத அந்த 9 தடவையும் பாதம் எங்கே இருந்தது என்று முதலில் காணொளியில் பாருங்கள் நண்பரே. ஸ்ப்ராக்கெட் எங்கும் ஓடிப்போகாது.