கல்லில் முதலில் துளையிட்டவர் யார்?

உளிச்சத்தம்: "பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த், கல்லில் துளையிடும் உத்தியைச் சக சிற்பி ஹென்றி மூரிடமிருந்து எடுத்துக்கொண்டார்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இளஞ்சிவப்பு அலபாஸ்டர் என்னும் மென்கல்லை ஹெப்வொர்த் ஒருபுறமிருந்து மறுபுறம் வரை குடைந்தது 1932-இல். மூரின் துளைகள் அதற்குப் பிந்தியவை.

வெண்பளிங்கு: எழுதியவன் நான்தான். ஆண்டைக் காட்டிக் கலையை அளப்பது பதிவேட்டு எழுத்தரின் வேலை. இருவரும் லீட்ஸ் கலைப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். மூர் 1898-இல் பிறந்தவர், ஹெப்வொர்த்தோ 1903-இல். யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்பதை நீங்கள் அருகில் நின்று கண்டீர்களோ?

உளிச்சத்தம்: வயதில் மூத்தவர் என்றால் அவருடைய துளையும் மூத்ததாகிவிடுமா? 1932 என்பது 1932-தான்.

மூன்றாம்கண்: உக்ரேனியச் சிற்பி ஆர்க்கிப்பெங்கோ 1910-களிலேயே உருவங்களின் நடுவே வெற்றிடம் வைத்துவிட்டார். இருவருமே பிந்தியவர்கள்.

உளிச்சத்தம்: களிமண்ணில் விரலை விட்டாலே துளை விழும், ஐயா. கல்லில் அப்படியா? குடையக் குடையச் சுவர் மெலியும். கடைசிச் சில்லு பெயரும்போது ஓர் அடி மிகுந்தால் விளிம்போடு விரிசல் ஓடும், மாதக்கணக்கான உழைப்பு பாழாகும். ரோமில் ஆர்தினி என்னும் கைவினைஞரிடம் பளிங்கு செதுக்கப் பழகிய கை ஹெப்வொர்த்துடையது.

வெண்பளிங்கு: அந்தக் கைதானே 1956 முதல் உலோகத்துக்கும் போனது? நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன் 1964-இல் நிறுவப்பட்ட அவருடைய 6.4 மீட்டர் சிற்பம் 'ஒற்றை வடிவம்' வெண்கலம். அதிலும் துளை உண்டு. களிமண் இழிவு, வெண்கலம் வார்க்க அவர் உருச்செய்த பிளாஸ்டர் உயர்வோ? உதவியாளர்களையும் வைத்துக்கொண்டார்.

உளிச்சத்தம்: பிளாஸ்டரையும் இறுகவிட்டு அரத்தால் சீவிச் செதுக்கியவர் அவர். உதவியாளர் பேச்சு இங்கே எதற்கு? சிற்பி பிராங்குசி 1907-இல் மூத்த சிற்பி ரொடேனின் பட்டறையை விட்டு வெளியேறியது பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள், நான் மறக்கவில்லை. துளைக்கு விடை சொல்லுங்கள்.

வெண்பளிங்கு: நீங்கள் கொண்டாடும் அந்த அலபாஸ்டர் சிற்பமே போரில் அழிந்துபோயிற்று. புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

உளிச்சத்தம்: அந்தப் புகைப்படத்தில் துளை தெரிகிறதா, இல்லையா?

மூன்றாம்கண்: ஆர்க்கிப்பெங்கோவுக்கு இன்னும் ஒருவரும் நேர்மையாக விடை சொல்லவில்லை.

வெண்பளிங்கு: தெரிகிறது. அதனால் என்ன? நட்பில் ஒருவர் பேச்சு மற்றவரின் கல்லில் இறங்குவதற்கு ஆண்டு முத்திரை குத்த முடியாது.

உளிச்சத்தம்: 1932-இல் தெரிகிறது என்று முழுமையாக எழுதுங்கள்.