புதுப்பிப்பு: பாலாற்று மணலில் ஃப்ளெக்ஸ் குறிகள்

ட்ரோன் மேப்பிங்குக்கு (மேலிருந்து எடுத்த படங்களைச் சேர்த்து வரைபடமாக்குவது) தரைக் குறிகளை, அதாவது இருக்குமிடத்தைத் துல்லியமாக அளந்து, படங்களை அதோடு பொருத்துவதற்காகத் தரையில் விரிக்கும் அடையாளங்களை, செலவில்லாமல் எப்படிச் செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. பழைய ஃப்ளெக்ஸ் பேனரை 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, வெள்ளைப் பின்பக்கத்தை நாலு கட்டமாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டுக்குக் கறுப்பு எனாமல் அடித்து, விரிஞ்சிபுரம் பக்கம் ஆற்று மணலில் விரித்தேன். வேலூர் வெயில்தான் தெரியுமே, பளபளப்பில் கறுப்பே வெள்ளையாகிவிட்டது! மணலும் வெளிர் நிறம், ஓரம் எங்கே முடிகிறது என்றே புரியவில்லை. சரி என்று மேட் பெயின்ட்டுக்கு மாறி, சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை போட்டேன். இப்போது ஒரு பிக்சலுக்கு 2 சென்டிமீட்டர் வரும் உயரத்தில் பறந்தாலும் குறி 30 பிக்சல் அகலம் இருக்கிறது, கணினியில் படத்தைத் திறந்து நடுப்புள்ளியைத் தயங்காமல் சொடுக்கலாம். ஆணி மணலில் நிற்காது, மூலைக்கு ஒரு கல். அப்புறம், ஆர்டிகேயில் (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் ஜிபிஎஸ்) அளந்து முடித்த ஒரு குறியை, ட்ரோன் பறப்பதற்குள் ஆடு இழுத்துப் போய்விட்டது.