அப்பார்க் மாளிகையின் பால் அறையில் ஒரு பிற்பகல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தில், ரீஜென்சி எனப்படும் காலத்து உயர்குடிக் காதலைப் பற்றி இங்கே எழுதிய நண்பர்கள் பெரும்பாலும் நடன மண்டபத்திலிருந்தோ லண்டன் வரவேற்பறையிலிருந்தோ தொடங்கியிருக்கிறீர்கள். என் அனுபவம் வெண்ணெய் கடைகிற ஓர் அறையில் தொடங்குகிறது. போர்ட்ஸ்மத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெஸ்ட் சசெக்ஸில் சவுத் டவுன்ஸ் குன்றின்மேல் நிற்கும் அப்பார்க் மாளிகையைப் பார்க்கப் போனேன். அன்றுவரை மேரி ஆன் புல்லக் என்ற பெயரை நான் கேள்விப்பட்டதில்லை.

மாளிகையின் உரிமையாளராக இருந்தவர் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா. 1754இல் பிறந்து, பத்தொன்பது வயதிலேயே பெரும் சொத்துக்கு வாரிசானவர். பின்னாளில் மன்னருக்குப் பதிலாக ஆளும் ரீஜென்ட்டாகி, பிறகு நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசரின் நண்பர். குதிரைப் பந்தயமும் விருந்துமாக இளமையைக் கழித்த அவர் எழுபது வயதுவரை திருமணமே செய்துகொள்ளவில்லை. தோட்டக்கலைஞர் ஹம்ஃப்ரி ரெப்டன் அந்த வீட்டுக்குச் செய்துகொடுத்த மாற்றங்களில் அழகிய பால் அறையும் ஒன்று. அந்த அறையில் வேலை செய்த, ஏறத்தாழ இருபது வயதுப் பெண்ணான மேரி ஆனின் பாட்டு, வெளியே நடந்துபோன சர் ஹாரியின் காதில் விழுந்தது என்பதுதான் அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் தொடக்கம்.

அடுத்த பகுதியை எனக்குச் சொன்னவர், அங்கே வழிகாட்டியாக இருந்த வயதான ஓர் அம்மையார். பால் அறைக் கதவருகே வந்து திருமணத்துக்குக் கேட்ட சர் ஹாரி, "இப்போதே பதில் சொல்ல வேண்டாம், சம்மதமானால், இன்று இரவு என் சாப்பாட்டுக்கு வரும் ஆட்டுத்தொடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடு" என்றாராம். அன்றிரவு மேசைக்கு வந்த ஆட்டுத்தொடையில் ஒரு துண்டு குறைந்திருந்ததாம். இதை அந்த அம்மையார் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. தம் சொந்தக் குடும்பத்துச் செய்தியைப் போல, மெதுவாகச் சொன்னார். செவிவழிக் கதைதான் என்றாலும், என்னை அங்கேயே நிறுத்திவைத்தது அதுதான். எஜமானர் வாய்விட்டுக் கேட்கும்போது, அவரிடம் சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணால் முகத்துக்கு நேரே மறுக்க முடியுமா? பேசாமலேயே மறுப்பதற்கு அவர் ஒரு வழியை விட்டுவைத்தார் என்பதை அந்த மனிதரின் மிகப் பெரிய மரியாதையாக நான் எண்ணுகிறேன். மேரி ஆன் படிக்கவும் பழக்கவழக்கங்களைக் கற்கவும் பாரிசுக்கு அனுப்பப்பட்டார்; 1825இல் திருமணம் நடந்தது.

ஆனால் அதே வீட்டில் நடந்த இன்னொரு கதை தெரிந்தபின் என் மனம் கலங்கிவிட்டது. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இதே சர் ஹாரி, எம்மா என்ற ஏழைப் பெண்ணை அப்பார்க்குக்கு அழைத்து வந்து வைத்திருந்து, பதினாறு பதினேழு வயதில் அந்தப் பெண் கருவுற்றதும் வெளியே அனுப்பிவிட்டார். பிற்காலத்தில் லேடி ஹாமில்டனாகி, கடற்படைத் தளபதி நெல்சனின் காதலியாக ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட எம்மாதான் அவர். 1815இல் பிரான்சின் கலே நகரில் வறுமையில் இறந்தார். ஒரே வீடு, ஒரே மனிதர், வெளியிலிருந்து வந்த இரண்டு பெண்கள். சர் ஹாரி முதுமையில் திருந்தினார் என்று முழுமனதோடு சொல்ல என்னால் முடியவில்லை. ஆயினும் கேட்டு, காத்திருந்து, சட்டப்படி மணந்தார் என்ற வேறுபாட்டை நான் சிறிதென்று நினைக்கவில்லை.

நடிகையர் பிரபுக்களை மணந்ததை நண்பர்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். எலிசபெத் ஃபாரன் 1797இல் டார்பி பிரபுவையும், லூயிசா பிரண்டன் 1807இல் கிரேவன் பிரபுவையும் மணந்தார்கள். அவர்களுக்கு முன்பே ஊரறிந்த பெயர் இருந்தது, கைதட்டிய கூட்டமும் இருந்தது. பால் கறந்து வெண்ணெய் எடுத்த பெண்ணுக்கு என்ன இருந்தது? மணம் முடிந்தபின் சர் ஹாரி தம் வேட்டைக்காவலரிடம், "முட்டாள்தனம் செய்துவிட்டேன்" என்று வருந்தியதாகவும் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. எனினும் அந்தத் திருமணம் இருபத்தொரு ஆண்டுகள் நீடித்தது. 1846இல், தொண்ணூற்றொரு வயதில் இறந்தபோது, வீட்டையும் நிலத்தையும் அவர் மனைவிக்கே விட்டுச்சென்றார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பின்னால்தான் வருகிறது. மேரி ஆன் அந்த வீட்டை மாற்றவில்லை. தங்கை ஃபிரான்சஸுடன் அங்கேயே வாழ்ந்து, கணவர் வைத்திருந்தபடியே அறைகளையும் திரைகளையும் பொருள்களையும் காத்தார். அவருக்குப் பின் ஃபிரான்சஸ் 1895வரை அதே முறையைத் தொடர்ந்தார். ஃபிரான்சஸிடம் வீட்டு மேற்பார்வையாளராக 1880 முதல் 1893வரை இருந்தவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் தாய். பதினெட்டாம் நூற்றாண்டின் உள்ளலங்காரம் அப்படியே நம் காலம்வரை வந்ததற்குப் பெரும் காரணம் இந்தச் சகோதரிகள். 1989 ஆகஸ்டில், கூரைப் பழுதுபார்ப்பு முடியும் தறுவாயில் பற்றிய தீ மாளிகையைத் தின்றபோது, கீழ்த்தளப் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஆண்டுக்கணக்கில் உழைத்து, வீட்டை மீண்டும் எழுப்பி, 1995இல் திறந்தது.

மாலையில் கிளம்பும்முன் மறுபடியும் பால் அறைக்குப் போனேன். கோடையிலும் அது குளிர்ந்திருந்தது. அந்த அம்மையார் கதவைச் சாத்த வந்தவர், நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் சற்று நேரம் திறந்தே வைத்தார்.