மறு: ‘தன்கைமை’க்கு மாற்றுச் சொல்

> ‘தன் கையே தனக்குதவி’ எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. உதவிக் கருவியோடு ஒருவர் பிறர் உதவியின்றி ஒரு வேலையை எவ்வளவு தூரம் செய்கிறார் என்று அளக்கும் எண்ணுக்கு அதனால்தான் ‘தன்கைமை’ என்று பெயர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலால் போன் இயக்குபவரை எந்தக் கைமையில் சேர்ப்பது? ஒரு மகரம் கூடினால் ‘கைம்மை’ வேறு வந்து நிற்கும்.

‘தற்சார்பு’ம் ஒத்துவராது. அது இயற்கை விவசாயத்தார் பக்கம் போய்விட்டது. கருவியே வேண்டாம் என்ற தொனியும் உண்டு. அன்றாட வேலைகளை ஒருவர் தானே எவ்வளவு செய்கிறார் என்று மருத்துவத்தில் அளக்கும் எஃப்ஐஎம் அளவுகோலில் இந்தச் சிக்கலைப் பார்க்கலாம். 18 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. யார் உதவியும் இல்லாமல் செய்தாலும், ஊன்றுகோல் பிடித்திருந்தால் 7 கிடைக்காது, 6தான். நாம் அளக்க வந்ததே கருவியின் பலனை. கருவி வைத்திருப்பதற்கே ஒரு எண்ணைக் குறைத்துக்கொண்டால் எப்படி?

மதுரைப் பக்கம் நேராகக் கேட்பார்கள்: ‘ஆள் துணை வேணுமா?’ அதையே எடுத்து ‘ஆள்துணை நிலை’ எனலாம். 0: யாரும் வேண்டாம். 1: வாயால் சொன்னால் போதும். 2: பாதியைப் பிறர் செய்துதர வேண்டும். 3: முழுக்கப் பிறர்.

> படிகளைக் கூட்டிச் சராசரி எடுக்கலாமா?

கூடாது. பார்வையற்றவர் திரைவாசிப்பானோடு (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) மின்கட்டணம் கட்டுகிறார், ஆறு படி. ஐந்து படிகளில் 0. ஒன்றில் மட்டும் பார்த்து அடிக்கச் சொல்லும் கோணல்மாணலான எழுத்துப் படம் (கேப்சா). கேட்டு அடிக்க ஒலி வசதி இல்லை. திரைவாசிப்பான் அங்கே ஊமை. யாராவது படித்துச் சொல்ல வேண்டும், அதற்கு 1. சராசரி 0.17, பார்க்க லட்சணமான எண். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை பில் கட்ட முடியாது. எந்தப் படியில் எண் அதிகமோ, அதுவே அந்த வேலையின் நிலை.

இன்டக்‌ஷன் அடுப்பில் இன்னொரு கூத்து. தொடுபலகை வழவழவென்று இருப்பதால் பார்வையற்றவர் தடவித் தேடும் விரலே பொத்தானை இயக்கிவிடுகிறது. விரலுக்குத் தட்டுப்படும் புடைப்புப் பொட்டைப் பொத்தானின் மேலேயே ஒட்டினாலும் அதே கதி. பலகைக்கு வெளியே, பொத்தானுக்கு நேர் கீழே ஒட்டுங்கள். பொட்டைத் தடவிக் கண்டு, விரலைத் தூக்கி மேலே வைத்தால் சரியாக விழும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, வித்தியாசத்தைத்தான் பொட்டின் பலனாக எழுத வேண்டும்.

> மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ‘பெரியார் பஸ் ஸ்டாண்டு போகுமா?’ என்று கேட்டு ஏறுவது 1 ஆகுமா?

கண் தெரிந்தவரும் கண்டக்டரிடம் அதைக் கேட்டுத்தான் ஏறுகிறார், 0தான். பஸ் வந்து நின்றதையே ஒருவர் சொல்ல வேண்டியிருந்தால் 1. வரையறையில் ‘வழக்கத்துக்கு மேற்பட்ட உதவி’ என்று சேர்த்துவிடலாம்.

‘நிலை’யா, ‘எண்’ணா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘மதிப்பெண்’ மட்டும் வேண்டாம். 3 வாங்கியவர் பாஸ் என்று நினைத்துக்கொள்வார்கள்.