டைனமோவில் பதிந்த கசெட், யாரிடமாவது இருக்கிறதா?

கொக்குவிலான்: 90களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் தகரப் பீப்பாவும் உடுக்கும் அடித்து ஒரு கசெட் பதிந்த பெடியள் குழுவைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டவர் ஒருவரையும் காணவில்லை. உண்மைதானா அண்ணைமார்?

நல்லூர்வாசி: நடந்திருக்கக் கூடியதுதான் தம்பி. போர்க்காலத்தில் அரசாங்கம் பற்றரிக்குத் தடை போட்டிருந்தது, அதனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி டைனமோவில்தான் றேடியோ கேட்டோம், கை தளர்ந்தால் கசெட் பாட்டும் இழுபடும். அந்த இழுவையையே அவர்கள் இசையாக்கினார்கள் என்பதுதான் இந்தக் கதையின் உயிர், எனக்கு அதை நம்பத்தான் விருப்பம்.

பழைய ஒலி: 1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணச் சனம் ஒட்டுமொத்தமாக வெளியேறிய இடப்பெயர்வில் எத்தனையோ வீட்டுக் கசெட்டுகள் அழிந்தன. கிடைத்தால் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள், பூஞ்சணம் பிடித்த நாடா பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அறுந்துவிடும். சுத்தம் செய்து, அப்புறம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் ‘நூலகம்’ (Noolaham) நிறுவனத்திடம் கொடுங்கள், அவர்கள் ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறார்கள்.

கொக்குவிலான்: சரி அண்ணை, பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி கசெட் கிடக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.