கலைச்சொல்: தொலைநோக்கி ஆடிகளை ‘இணையாக்கல்’ சரியா?

முதல் மடல், கோலாலம்பூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

மலிவுத் தொலைநோக்கிகளை ஒப்பிட்டு நாம் எழுதிவரும் கையேட்டில் ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் இடறுகிறது. தொலைநோக்கியின் ஆடிகள் ஒரே ஒளியச்சில் நிற்கும்படி சரிசெய்வதை ஆங்கிலத்தில் ‘கொலிமேஷன்’ என்கிறார்கள். வரைவில் ‘இணையாக்கல்’ என்று போட்டிருக்கிறோம். பள்ளி இயற்பியலில் நிறமாலைமானியில் வரும் ‘இணையாக்கி’யைப் பார்த்து எடுத்த சொல். அங்கே அது பொருந்தும். பிளவு வழியே விரிந்துவரும் ஒளியை அந்த வில்லை இணைகதிர் ஆக்குகிறது. விண்மீன் ஒளியோ குழலுக்குள் நுழையும்போதே இணைகதிர்தான். ஆடி அதைக் குவிக்கிறது. இங்கே யாரும் எதையும் இணையாக்கவில்லை.

இது வெறும் சொல் தகராறு இல்லை. எதை வாங்குவது என்ற கேள்வியே இந்த வேலையைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆடித் தொலைநோக்கியில் கோமா இல்லாமல், அதாவது விண்மீனுக்கு வால் முளைக்காமல் தெரியும் நடுவட்டத்தின் விட்டம் மி.மீ. கணக்கில் ஏறக்குறைய 0.022 பெருக்கல் குவிய விகிதத்தின் கனம். குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது குவிய விகிதம்; அது 8 என்றால் எஃப் 8 என்கிறோம். எஃப் 8 குழலில் 11 மி.மீ. கிடைக்கும். எஃப் 6-இல் 5-க்குச் சற்றுக் குறைவு, எஃப் 5-இல் 2.75, எஃப் 4-இல் வெறும் 1.4. ஆடிகள் கலைந்து, கண்வில்லையின் நடு அந்த வட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டால் கண்வில்லையின் நட்ட நடுவிலும் விண்மீன் வாலோடுதான் தெரியும்.

ஆகவே ஸ்கை-வாட்சர் கிளாசிக் 150பி (குவியத் தூரம் 1200 மி.மீ., எஃப் 8) கொஞ்சம் கலைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதே நிறுவனத்தின் ஹெரிடேஜ் 130பி (650 மி.மீ., எஃப் 5) கையடக்கமானது, ஆடியும் பரவளைவு ஆடிதான், ஆனால் அடிக்கடி கவனம் கேட்கும். செலஸ்ட்ரான் ஃபர்ஸ்ட்ஸ்கோப் 76-இன் குவியத் தூரம் 300 மி.மீ.தான். அதன் ஆடி கோள ஆடி. எவ்வளவு சரிசெய்தாலும் அதிக உருப்பெருக்கத்தில் வியாழன் மெழுகிக்கொண்டுதான் நிற்கும். இதையெல்லாம் வாங்குகிறவருக்குச் சொல்ல நல்ல சொல் ஒன்று வேண்டும்.

என் பரிந்துரை இரண்டு: ‘ஒருமையப்படுத்தல்’, ‘அச்சு நேர்ப்படுத்தல்’. கருத்து வேண்டும்.

மறுமொழி, பினாங்கிலிருந்து

தம்பி, வணக்கம்.

‘இணையாக்கல்’ தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நீங்கள் தந்த இரண்டிலும் குறை இருக்கிறது.

> ஒருமையப்படுத்தல்

இது ஆளைக் கெடுத்துவிடும். குழலின் அடியில் இருக்கும் பெரிய ஆடி முதன்மை ஆடி. அதன் ஒளியைப் பக்கவாட்டில், கண்வில்லை பொருத்தும் குழாயான குவிப்பானுக்குத் திருப்பும் சிறு ஆடி துணை ஆடி. எஃப் 5, எஃப் 4 குழல்களில் துணை ஆடி, குவிப்பானுக்கு எதிர்ப்பக்கமாகவும் முதன்மை ஆடியை நோக்கியும் சற்றே தள்ளி இருக்கவேண்டும். 35 மி.மீ. துணை ஆடியும் எஃப் 5-உம் என்றால் அந்தத் தள்ளல் ஏறக்குறைய 1.75 மி.மீ. குவிப்பானின் துளைவழியே பார்க்கும்போது துணை ஆடியின் கரிய நிழல் முதன்மை ஆடி இருக்கும் பக்கமாக ஒதுங்கித் தெரியும். அப்படித் தெரிவதுதான் சரி. ‘ஒருமையப்படுத்து’ என்று படித்த புதியவர் அந்த நிழலையும் நடுவுக்கு இழுப்பார். சரியாக இருந்த குழல் கலைந்துவிடும். எல்லா வட்டமும் ஒரே மையத்தில் வரவேண்டும் என்று வற்புறுத்தும் சொல் இந்த வேலைக்கு ஆகாது.

> அச்சு நேர்ப்படுத்தல்

பொருள் சரி, ஆனால் கூட்டம் அதிகம். வானம் சுழல்வதற்கு ஈடாகக் குழலைத் திருப்பும் நடுவரைத் தாங்கியைத் துருவத்தை நோக்கித் திருப்புவதும் அச்சு நேர்ப்படுத்தல்தான். இலக்கைத் தேட உதவும் சிறு தேடுகுழலைப் பெரிய குழலோடு ஒத்துவைப்பதும் நேர்ப்படுத்தல்தான். ஒரே கையேட்டில் மூன்று வேலைக்கும் ஒரே சொல் வந்தால் படிப்பவர் எந்தத் திருகைத் தொடுவார்?

என் பரிந்துரை: நூல்பிடித்தல். பெயர்ச்சொல்லாக நூல்பிடிப்பு.

கொத்தனார் சுவரின் இரு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டி, செங்கல் ஒவ்வொன்றையும் அந்த நூலுக்கு வைப்பார். ‘நூல் பிடித்த மாதிரி’ என்றால் கோணல் இல்லாமல் நேராக என்று எல்லாருக்கும் தெரியும். நம் வேலையும் அதுவேதான். குவிப்பானின் நடுவிலிருந்து துணை ஆடி வழியாக முதன்மை ஆடியின் நடுவுக்கு ஒரு நூல், முதன்மை ஆடியிலிருந்து திரும்பிவரும் இன்னொரு நூல், இரண்டும் ஒன்றாகிவிட்டால் வேலை முடிந்தது.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. லத்தீனில் ‘கோலினேயாரே’ என்றால் ஒரே கோட்டில் நிறுத்து என்று பொருள். ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் கையெழுத்துப் படிகளில் அதைத் தவறாகப் படித்ததால் ‘கோலிமாரே’ என்று ஒரு போலி வினை பிறந்து, அதுவே அறிவியலில் நிலைத்துவிட்டது. மூலத்தில் உள்ள ‘லினேயா’ என்பதற்கு முதற்பொருள் கோடுகூட இல்லை, ஆளிச்செடி நாரில் திரித்த நூல். அதாவது அவர்களும் நூல்தான் பிடித்திருக்கிறார்கள். நாம் பிழையான வடிவத்தைப் பார்த்து ‘இணை’யைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சொல் கைக்கு ஒத்துவருகிறதா என்று செய்முறையில் வைத்துப் பார்த்தேன். கீழே உள்ளதைக் கையேட்டில் அப்படியே சேர்க்கலாம்.

குழலைப் படுக்கைவாட்டில் வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஆலன் சாவி கைதவறும்போது நேரே முதன்மை ஆடிமேல் விழும். குவிப்பானின் தூசிமூடிக்கு நட்டநடுவில் 2 மி.மீ. துளை போட்டால் அதுவே முதல் நூல்பிடிக் கருவி, வேறு செலவில்லை. துணை ஆடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும். அது முட்டைவடிவமாக இல்லாமல் வட்டமாக, குவிப்பானுக்கு நேராகத் தெரியும்வரை துணை ஆடியைத் திருப்புங்கள். பிறகு அதன் மூன்று சிறு திருகுகளால், முதன்மை ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் சமமாகத் தெரியும்படி சாயுங்கள். ஒரு திருகை இறுக்கும் முன் மற்ற இரண்டையும் அதே அளவு தளர்த்தவேண்டும். நடுத்திருகைக் கழற்றவே கூடாது, துணை ஆடி கழன்று விழும்.

அடுத்து முதன்மை ஆடி. பின்புறத்துப் பூட்டுத்திருகுகளைத் தளர்த்தி, சரிசெய் திருகுகளைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பிக்கொண்டே, மூடித்துளையின் கரும்புள்ளி ஆடியின் நடுவளையத்துக்குள் வந்து உட்காரும்வரை பாருங்கள். பலர் தோற்பது இதற்குப் பிறகுதான். பூட்டுத்திருகை இறுக்கும்போதே ஆடி மறுபடி சாய்ந்துவிடும். விரல் அழுத்தத்துக்கு மட்டும் இறுக்கி, மீண்டும் துளைவழியே பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்த குழலில் படுக்கையாக இருக்கும்போது பிடித்த நூல், குழலை நிமிர்த்தியதும் கலையும். அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி, இறுக்குவது இல்லை.

மலிவு லேசரை நம்பிப் பலரும் ஏமாறுகிறார்கள். அதைக் குவிப்பானிலேயே மெல்லச் சுழற்றுங்கள். முதன்மை ஆடிமேல் சிவப்புப் புள்ளி நகராமல் நின்றால் நல்லது. அது வட்டம் போட்டால் கருவிக்கே நூல் தவறியிருக்கிறது என்று பொருள். உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ வில்லை கையில் இருந்தால் லேசரை அதற்குள் செருகுங்கள். அப்போது ஒளி பரவி நடுவளையத்தின் நிழல் திரும்பிவரும், அந்த நிழலை வைத்து முதன்மை ஆடியைத் திருத்தலாம். லேசரின் சிறு கோணல் அங்கே பெரிதாகப் பாதிக்காது.

கடைசியாக விண்மீனை வைத்துச் சரிபார்ப்பது. வெளிநாட்டுக் குறிப்புகள் பலவும் துருவ விண்மீனைப் பார்க்கச் சொல்கின்றன, அது நகராது என்பதால். பினாங்கில் அது அடிவானத்துக்கு மேல் 5 பாகைதான், கோலாலம்பூரில் 3. அங்கே இருப்பது மூட்டமும் கட்டடமும்தான். நமக்கு உச்சிக்கு அருகில் வரும் சுவாதியோ, நல்ல உயரத்தில் இருக்கும்போது சிரியஸோ வசதி. ஆனால் அவை ஓடும். 130பி-யில் 10 மி.மீ. கண்வில்லையும் இரட்டைப் பார்லோவும் சேர்ந்தால் 130 மடங்கு. சாதாரண கண்வில்லையில் விண்மீன் ஒன்றரை நிமிடத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போய்விடும். நடுவில் இருக்கும்போது மட்டும் முடிவெடுங்கள். குவியத்திலிருந்து மிகச் சற்றே விலக்கினால் வளையங்கள் தெரியும். வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கி, அந்தத் திசை மாறாமலே நின்றால் நூல் தவறல். கொதிக்கும் நீர்போல் கலங்கிக்கொண்டே இருந்தால் காற்றுதான் காரணம், திருகைத் தொடவேண்டாம்.

ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்த குழலையும் அந்த நேரத்தில் சோதிக்கக்கூடாது. நம் ஊர் ஈரத்தில் ஆடிமேல் அக்கணமே பனி பூத்துவிடும். துடைத்தால் கீறும். தானாக உலரட்டும்.

கோலாலம்பூரிலிருந்து

அக்கா, ஒருமையப்படுத்தலைத் திரும்பப் பெறுகிறேன். துணை ஆடியின் தள்ளல் எனக்குத் தெரியும், ஆனால் சொல்லோடு சேர்த்து யோசிக்கவில்லை.

நூல்பிடித்தலுக்கு ஒரு தடை. ‘நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தார்கள்’ என்று துப்புத் துலக்குவதற்கும் சொல்கிறோமே. தேர்வுத்தாளில் எழுதும் மாணவருக்கு இது பேச்சுவழக்காகத் தோன்றாதா?

இன்னொன்று, செலஸ்ட்ரான் பவர்சீக்கர் 127இக்யூ போன்றவற்றுக்கு இந்தச் செய்முறை அப்படியே செல்லாது. குட்டைக் குழலுக்குள் 1000 மி.மீ. குவியத் தூரத்தைக் கொண்டுவர, குவிப்பானின் அடியில் ஒரு வில்லையைப் பொருத்தியிருக்கிறார்கள். அதைக் கழற்றாமல் லேசரும் துளைமூடியும் உதவாது. கையேட்டில் இதை எச்சரிக்கையாகவே போடவேண்டும். 127 என்ற எண் 130-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, தாங்கியும் 130பி-யின் தாங்கியைவிடப் பெரிது என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்த நடுவரைத் தாங்கியும் நமக்குச் சுமைதான். துருவ அச்சை 3 பாகைக்குச் சாய்த்தால் அது ஏறக்குறையப் படுத்துவிடுகிறது, எடைத்தண்டு கீழே வரும்போது முக்காலியின் காலில் இடிக்கிறது.

பினாங்கிலிருந்து

தம்பி, துப்புத் துலக்கும் பொருளில் அது ‘நூல் பிடித்து’ என்று எச்சமாகத்தான் வரும், பின்னால் போவதோ கண்டுபிடிப்பதோ இருக்கும். ‘ஆடிக்கு நூல்பிடி’ என்று எதற்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது. தேர்வுக்கும் அகராதிக்கும் முதன்முறை ‘ஒளியச்சு நூல்பிடிப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம்.

எனக்கு இதில் பெரிய ஆதாயமாகத் தெரிவது, வேலைக்கு மட்டுமின்றிப் பழுதுக்கும் பெயர் கிடைப்பது. நூல் தவறியது, நூல் கலைந்தது, நூல் நிற்கிறது. பழைய குழல் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் ‘நூல் நிற்குமா?’ என்று ஒரே கேள்வியில் கேட்டுவிடலாம். ‘இணையாக்கல்’ என்ற சொல்லில் பழுதை எப்படிச் சொல்வீர்கள்? கருவிகளும் இதே வழியில் வரும்: துளைமூடிக்கு நூல்மூடி, குறுக்குக்கம்பி வைத்த குழாய்க்கு நூற்குழல், லேசருக்கு லேசர் நூல்பிடி. மாக்சுடோவ் (முன்புறம் வில்லையும் பின்புறம் ஆடியும் கொண்ட மூடிய குழல்), சிறு வில்லைத் தொலைநோக்கி ஆகியவற்றின் பட்டியலில் ‘ஆலையிலேயே நூல்பிடித்தது, பொதுவாகக் கை வைக்கத் தேவையில்லை’ என்று ஒரு வரி போதும்.

பவர்சீக்கர் பற்றிய எச்சரிக்கையை நீங்களே எழுதுங்கள். வில்லையைக் கழற்றும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதன்மை ஆடியின் நடுவளையத்துக்கு ‘நூற்குறி’ என்று போடலாம். சில மலிவுக் குழல்களில் அந்தக் குறியே இருக்காது. ஆடியின் அளவுக்கே தாளை வட்டமாக வெட்டி, நான்காக மடித்து, மூலையைக் கத்தரித்தால் நடுவில் துளை கிடைக்கும். தாளை ஆடிமேல் விளிம்பு பொருந்த வைத்து, துளைவழியே அழியாமைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, கோப்புத்தாள் துளைக்கு ஒட்டும் சிறு வளையத்தைப் புள்ளியைச் சுற்றி ஒட்டவேண்டும். அந்த இடம் எப்போதும் துணை ஆடியின் நிழலில்தான் இருக்கும், ஒளி குறையாது.