மறு: ஜிட்டருக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

பாட்டுச் செயலியின் அமைப்புப் பக்கத்தை வெள்ளிக்கிழமை ஏற்றியாக வேண்டும். கிளாக் (ஒலிக்குக் காலம் அளந்து தரும் பகுதி), ஜிட்டர், டிரிஃப்ட் என்ற மூன்று சொற்களுக்குத் தமிழ் முடிவு செய்வதுதான் பாக்கி.

> ஜிட்டர், டிரிஃப்ட் இரண்டுமே காலம் தவறுவதுதானே? ‘காலப்பிறழ்வு’ என்று ஒரே சொல் போதும்.

போதாது ஐயா. சிடி தரப் பாட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்). ஒவ்வொன்றும் ஒலியாகும் கணம் இம்மியளவு முந்தியும் பிந்தியும் விழுந்தால் ஜிட்டர். சராசரி வேகம் கெடாது. டிரிஃப்ட்டில் வேகமே வேறு. கணினியில் துடிப்பு தரும் படிகமும் டாக் பெட்டியின் (எண்களாக வரும் பாட்டை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி) படிகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டால் அரை மணியில் ஏறத்தாழ 4,000 மாதிரிகள் கூடும், அல்லது குறையும். பஃபர் (மாதிரிகள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) வழியும், இல்லையேல் வற்றும்; பாட்டின் நடுவே ‘டப்’பென்று கேட்கும். யூஎஸ்பியின் அசின்க்ரனஸ் முறையில் டாக் தன் கடிகாரப்படி கணினியிடம் மாதிரிகளைக் கூட்டியோ குறைத்தோ கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த இழுபறி தீர்கிறது. ஆனால் டாக்கின் சொந்தப் படிகம் மட்டமானது என்றால் ஜிட்டர் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பயனர் எந்த அமைப்பைத் தொடுவார்?

என் முன்மொழிவு: ஜிட்டருக்குக் கால நடுக்கம், டிரிஃப்ட்டுக்குக் கால நழுவல்.

> நடுக்கம் நோயாளிக்கு. தாளத்தில் அதீதம், அனாகதம் என்று, தாளத்துக்கு முன்பும் பின்பும் பாட்டைத் தொடங்கும் முன்னெடுப்பும் பின்னெடுப்பும் இருக்கின்றனவே.

அவை பாடுபவர் தெரிந்தே வைக்கும் எடுப்பு, பிழை ஆகாது. தூய தமிழ் கேட்கும் குழுவில் அவை இரண்டும் வடசொல் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

> கிளாக்குக்குக் ‘கன்னல்’ (பழைய நீர்க்கடிகாரம்). முல்லைப்பாட்டே சான்று. ‘இனைத்தென்று இசைப்ப’ என்பதில் இசையும் வந்துவிட்டது!

பாசறையில் ‘பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்’ குறுநீர்க் கன்னலைப் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்லும் அந்த இடத்தை நான் மாணவர்களுக்கு விரும்பி நடத்துவேன். ஆனால் அங்கே இசைத்தல் என்றால் சொல்லுதல். இன்று கன்னல் என்றால் கரும்புதான் நினைவுக்கு வரும். கடிகாரம் போதும்.

---

அம்மா, நடுக்கமும் நழுவலும் எனக்குச் சம்மதம். கடிகாரம் சம்மதமில்லை. கடிகாரம் மணி காட்டும். நான் பழுது பார்க்கும் டாக் பலகைகள் பலவற்றில் 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலையியற்றிகள் (சீரான மின்துடிப்பு தரும் உறுப்புகள்) இருக்கும். ஒன்று 44,100இன் 512 மடங்கு, மற்றது 48,000இன் 512 மடங்கு. இவற்றில் எது மணி காட்டுகிறது? இரண்டும் துடிப்பு மட்டுமே தருகின்றன. ‘துடிப்பி’ என்போம்.

---

துடிப்பி பொருந்துகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் முதன்முறை பார்ப்பவருக்கு விளங்காது; பொத்தானில் விளக்கம் எழுத இடமும் இல்லை. பெரும்பாலோர் கடிகாரம் என்றே எழுதியிருக்கிறார்கள், அதையே ஏற்றுகிறேன்.

---

ஏற்றுங்கள். கலைச்சொல் பட்டியலில் துடிப்பியை மாற்றுச் சொல்லாகவாவது சேருங்கள். அடுத்த பதிப்பின்போது மீண்டும் கேட்பேன்.